கியோட்டோவில் முதல் இரண்டு நாள்: கிழக்கா, மேற்கா, நாராவா?

ஜப்பானுக்கு முதல் முறை போகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. டோக்கியோவில் நாலைந்து நாள், அங்கிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் கியோட்டோ, அங்கே இரண்டு நாள், பிறகு ஒசாகாவிலிருந்து ஊர் திரும்புதல். இதில் அந்த இரண்டு நாளை எப்படிச் செலவழிப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். கியோட்டோவில் சுமார் 1,600 பௌத்தக் கோயில்கள், ஜப்பானின் சொந்த மதமான ஷிண்டோவின் கோயில்கள் 400. 794இலிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பேரரசர் குடியிருந்த தலைநகரம். 1994இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, கியோட்டோவிலும் பக்கத்து ஊர்களான உஜி, ஓட்சுவிலும் சேர்த்து 17 இடங்களைக் குறித்தார்கள். அந்தப் பதினேழைப் பார்த்து முடிக்கவே ஒரு வாரம் வேண்டும்.

அதனால் பலரும் செய்வது இதுதான்: படங்களில் அதிகம் பார்த்த ஐந்து இடங்களை எடுத்து இரண்டு நாளுக்குள் அடைத்துவிடுவது. தங்க மண்டபம், மூங்கில் தோப்பு, வரிசை வரிசையாகச் செந்நிற வாயில்கள் நிற்கும் மலை, கியோமிசு கோயில், கெய்ஷாக்கள் நடமாடும் கியோன் தெரு. ஐந்தும் நல்ல இடங்கள்தான். ஆனால் வடமேற்கில் ஒன்று, மேற்குக் கோடியில் ஒன்று, தெற்கில் ஒன்று, கிழக்கில் இரண்டு என்று சிதறிக் கிடக்கின்றன. இப்படிப் போகிறவர்கள் கோயிலில் நிற்கிற நேரத்தைவிடப் பஸ்ஸில் நிற்கிற நேரம்தான் அதிகம்.

கியோட்டோவில் இடங்களைத் தேர்ந்தெடுக்காமல் திசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நாளுக்கு ஒரு திசை. அப்படிப் பார்த்தால் முதல் முறை வருபவர் முன் இருக்கும் தேர்வுகள் நான்கு: கிழக்கு மலையடிவாரம், வடமேற்கும் மேற்கும் சேர்ந்த பக்கம், தெற்கில் செந்நிற வாயில்கள் நிற்கும் ஃபுஷிமி இனாரி, அதற்கும் தெற்கே தனி ஊரான நாரா. இருப்பது இரண்டு நாள். எதை எடுப்பது, எதை விடுவது?

கோயில்கள் ஏன் ஓரத்தில் இருக்கின்றன

இதைத் தெரிந்துகொண்டால் தேர்வு பாதி முடிந்துவிடும். கியோட்டோவுக்கு முன் தலைநகராக இருந்தது நாரா, 710 முதல் 784 வரை. அங்கே பெரிய பௌத்த மடங்கள் அரசியலில் ஆழமாகக் கால் ஊன்றிவிட்டன. இந்தப் பிடியிலிருந்து விலக நினைத்த பேரரசர் கம்மு தலைநகரை மாற்றினார். புதிய நகரைச் சீனத்து சாங்கான் நகரம் போல் கட்டம் கட்டமாக அமைத்தபோது, நகருக்குள் இரண்டே கோயில்களுக்குத்தான் இடம் கொடுத்தார்கள்: கிழக்கில் தோ-ஜி, மேற்கில் சாய்-ஜி. சாய்-ஜி இன்று இல்லை. தோ-ஜியின் ஐந்தடுக்குக் கோபுரம் இன்றும் கியோட்டோ ரயில் நிலையத்துக்குத் தென்மேற்கே நிற்கிறது. இப்போதைய கோபுரம் 1644இல் கட்டியது, சுமார் 55 மீட்டர், ஜப்பானின் மரக் கோபுரங்களில் இதுதான் உயரம்.

மற்ற கோயில்கள் எல்லாம் நகருக்கு வெளியே, மலையடிவாரத்தில் எழுந்தன. பிறகு 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் நகரத்தின் பெரும் பகுதி எரிந்தது. அதற்கு முன்பும் பின்பும் தீ விபத்துகள். அதனால் இன்று நீங்கள் பார்க்கப் போகும் கோயில்களில் பல, வடக்கு, கிழக்கு, மேற்கு என்று மூன்று பக்கமும் சூழ்ந்த மலைகளின் அடியில் இருக்கின்றன. நடுவில் இருப்பது அலுவலகங்களும் கடைகளும் வீடுகளும் நிறைந்த ஒரு சாதாரண ஜப்பானிய நகரம். மெட்ரோ இரண்டே பாதைகள். அவை ஊரின் நடுவே சிலுவை போல ஓடுகின்றன, பெரும்பாலான கோயில்களின் வாசலுக்குப் போவதில்லை. மலையடிவாரத்தின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கத்துக்குப் போகப் பஸ்தான், அந்தப் பஸ்ஸில் ஊர் மக்களும் பயணிகளும் பெட்டிகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நெரிசலைக் குறைக்கத்தான் 2023இல் நகரப் பஸ்ஸுக்கான ஒருநாள் பாஸ் விற்பனையை நிறுத்தினார்கள். இப்போது மெட்ரோவும் பஸ்ஸும் சேர்ந்த ஒருநாள் பாஸ் 1,100 யென். பருவ காலத்தில் கியோமிசுவிலிருந்து தங்க மண்டபம் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

இன்னொன்று: பெரும்பாலான பௌத்தக் கோயில்கள் மாலை நாலரை, ஐந்துக்கே மூடிவிடும். நம் ஊரில் சாயங்காலம் கோயிலுக்குப் போகிற பழக்கத்தை மனதில் வைத்துத் திட்டம் போட்டால் வாசலில் நிற்க வேண்டியதுதான். பார்க்கிற நேரம் முழுக்கக் காலையில் இருக்கிறது. கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த இரண்டு விஷயங்களின் மேல்தான் நிற்கிறது: குறுக்கே அலையக் கூடாது, விடியற்காலையை விடக் கூடாது.

கிழக்கு: ஒரு நாள் முழுக்க நடக்கலாம்

ஹிகாஷியாமா எனப்படும் கிழக்குப் பக்கத்தில் தெற்கிலிருந்து வடக்காகச் சுமார் ஆறு கிலோமீட்டருக்குள் சான்ஜூசான்கென்தோ, கியோமிசு, யாசாகா, சியோன்-இன், நான்சென்-ஜி, வெள்ளி மண்டபம் எல்லாம் ஒரே மலையடியில் வரிசையாக வருகின்றன. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நடந்தே போகலாம், போகும் வழியும் பார்க்கத் தகுந்தது.

கியோமிசு காலை ஆறு மணிக்கே திறக்கிறது. கியோட்டோவின் பெரிய கோயில்களில் இந்த நேரத்தில் திறப்பவை மிகக் குறைவு. இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கோயில் 778இல் தொடங்கியது என்பது மரபு. இப்போதைய மூலக் கட்டடத்தை 1633இல் ஷோகுன், அதாவது நாட்டை ஆண்ட படைத் தலைவர், தோகுகாவா இயேமித்சு மறுபடி கட்டுவித்தார். மலைச்சரிவின் மேல் சுமார் 13 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்த மர மேடையை ராட்சத கெயாகி மரத் தூண்கள் தாங்குகின்றன. குறுக்குச் சட்டங்கள் தூணுக்குள் துளைத்துப் பொருத்தியவை, ஆணி கிடையாது. மேடையின் மேல் நின்று ஊரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் கீழே இறங்கி, அந்தத் தூண்களை அண்ணாந்து பாருங்கள். அங்கேயே ஒத்தோவா அருவி, மூன்று தாரையாக விழுகிறது. ஒன்பது மணிக்கு மேல் போனால் அந்தத் தண்ணீருக்கு வரிசை, ஆறரைக்குப் போனால் நீங்களும் சில உள்ளூர்ப் பெரியவர்களும் மட்டும்தான்.

இறங்கும் வழியில் சன்னென்சாகா, நினென்சாகா என்ற படிக்கட்டுத் தெருக்கள். கடைகள் திறப்பதற்கு முன் பார்த்தால் அந்த மரவீடுகளின் முகப்பு முழுசாகக் கண்ணில் படும். கடையில் எதுவும் வாங்க முடியாது என்பதுதான் குறை. என்னைக் கேட்டால் அந்தக் குறை பரவாயில்லை.

அப்புறம் சான்ஜூசான்கென்தோ. முதல் பயணத் திட்டங்களில் பலர் தவறவிடுவது இதைத்தான். கியோமிசுவிலிருந்து தென்மேற்காக இருபத்தைந்து நிமிட நடை. வெளியிலிருந்து பார்த்தால் நீளமான ஓட்டுக் கூரைக் கட்டடம், அவ்வளவுதான். உள்ளே 1,001 கண்ணோன் சிலைகள். 120 மீட்டர் நீள மண்டபத்தில் நடுவே பெரிய அமர்ந்த கோலம், இரு புறமும் ஐந்நூறு ஐந்நூறாக ஆளுயர நின்ற கோலங்கள், பத்துப் பத்து வரிசை, எல்லாம் தங்க முலாம் பூசிய சைப்ரஸ் மரம். கோயில் முதலில் 1164இல் எழுந்து 1249இல் எரிந்தது. தீயிலிருந்து தூக்கி வந்து காப்பாற்றிய 124 பழைய சிலைகளோடு மற்றவற்றை மறுபடி செதுக்கி, 1266இல் இப்போதைய மண்டபத்தைக் கட்டி முடித்தார்கள். நடுச் சிலையைச் செய்தவர் தாங்கேய், அதை முடிக்கும்போது அவருக்கு எண்பதுக்கு மேல் வயது.

கண்ணோன் என்பவர் வேறு யாருமில்லை, அவலோகிதேஸ்வரர். அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம்தான் என்று நம்முடைய பழைய பௌத்த இலக்கண மரபு சொல்லுமே, அவர்தான். அந்த ஆயிரம் பேருக்கு முன்னால் 28 காவல் தெய்வங்கள் வரிசையாக நிற்கிறார்கள். இந்திரன், பிரம்மன், அசுரன் எல்லோரும் அதில் உண்டு. கருடன் அலகோடும் சிறகோடும் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு ஓரங்களிலும் காற்றுத் தெய்வமும் இடித் தெய்வமும். காற்றுத் தெய்வம் தோளில் காற்று நிரம்பிய பெரிய பையைச் சுமந்துகொண்டிருக்கிறார், அவருக்கு மூலம் நம் வாயு. இந்தியாவிலிருந்து மத்திய ஆசியா, சீனா, கொரியா என்று நடந்து வந்து ஜப்பானிய மரத்தில் நின்றவர்கள் இவர்கள். நம்மூர்க்காரர் ஒருவர் இந்த மண்டபத்தில் ஒரு மணி நேரம் செலவழித்தால் மற்ற பயணிகளுக்குக் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைக்கும். படம் எடுக்க அனுமதி இல்லை, செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். தளம் முழுக்கச் சமம் என்பதால் முழங்கால் வலி உள்ள பெற்றோரைக் கூட்டிப் போகவும் ஏற்றது.

இங்கிருந்து வடக்கே போக ஷிச்சிஜோ நிலையத்தில் கேய்ஹான் ரயில் ஏறி சான்ஜோவில் இறங்கி, மெட்ரோவில் கேயாகே போனால் நான்சென்-ஜி பத்து நிமிடம். 1628இல் எழுப்பிய பெரிய வாயில் மாளிகையில் ஏறலாம். கோயில் வளாகத்துக்குள்ளேயே செங்கல் வளைவுகளின் மேல் ஒரு நீர்ப்பாலம் ஓடுகிறது. தலைநகரம் டோக்கியோவுக்குப் போன பிறகு சோர்ந்துபோன ஊரை நிமிர்த்துவதற்காக பிவா ஏரியிலிருந்து கால்வாய் வெட்டினார்கள், 1890இல் முடிந்தது. அதன் கிளைதான் இது. அந்தக் கிளை வாய்க்காலின் ஓரத்திலேயே தத்துவப் பாதை என்று பெயர் பெற்ற இரண்டு கிலோமீட்டர் நடைபாதை. கியோட்டோப் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் நிஷிதா கிதாரோ நடந்து பழகிய வழி. பாதை முடியும் இடத்தில் வெள்ளி மண்டபம். 1482இல் ஷோகுன் அஷிகாகா யோஷிமாசா தன் ஓய்வுக்காகக் கட்டத் தொடங்கியது, வெள்ளி பூசவே இல்லை. பாசித் தோட்டமும் மணல் மேடும்தான் அங்கே பார்க்க வேண்டியவை.

மாலையில் கியோன் போகலாம். பெரிய தெருவான ஹனமிகோஜியில் நடக்கத் தடையில்லை. உள்ளே பிரியும் தனியார் சந்துகளில் பயணிகள் நுழையக் கூடாது என்று 2024 முதல் பலகை வைத்திருக்கிறார்கள், மீறினால் 10,000 யென் அபராதம். வேலைக்குப் போகும் மைக்கோ பெண்களை, அதாவது கெய்ஷா ஆகப் பயிற்சி பெறுபவர்களை, வழிமறித்துப் படம் எடுத்தவர்களால் வந்த நிலைமை இது. தயவுசெய்து நீங்களும் அதைச் செய்யாதீர்கள்.

மேற்கு: பெரிய பெயர், நிறைய அலைச்சல்

தங்க மண்டபத்தை விடச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். ஆனாலும் இரண்டே நாள் இருப்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

1397இல் ஷோகுன் அஷிகாகா யோஷிமித்சு தன் மாளிகையாகத் தொடங்கியது. போர்களையெல்லாம் தாண்டி நின்ற அந்த மண்டபத்தை 1950இல் அங்கேயே பயின்ற ஓர் இளம் துறவி தீ வைத்து எரித்துவிட்டார். இப்போது நிற்பது 1955இல் கட்டியது, 1987இல் தடிமனான தங்கத் தகடு மறுபடி ஒட்டினார்கள். குளத்துக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், உள்ளே போக முடியாது. ஒருவழிப் பாதை, கூட்டம் பின்னாலிருந்து நகர்த்திக்கொண்டே இருக்கும், நாற்பது நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். அழகு இல்லை என்று சொல்ல மாட்டேன். வெயில் விழுந்தால் குளமே பொன்னாகும், ஜனவரியில் பனி மூடினால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் காலை ஒன்பதுக்குத்தான் திறக்கிறார்கள், ரயில் நிலையம் பக்கத்தில் இல்லை, போக வர எளிதாக இரண்டு மணி நேரம் போய்விடும். அந்த மண்டபம் உங்களுக்குத் தருவதைப் படங்கள் ஏறக்குறைய முழுசாகத் தந்துவிடுகின்றன. சான்ஜூசான்கென்தோவையோ நாராவையோ அப்படிச் சொல்ல முடியாது.

மேற்கின் உண்மையான பலம் ர்யோவான்-ஜி கோயிலின் கல் தோட்டம். பதினைந்து கல், வெள்ளைச் சரளை, ஒரு மண் சுவர். வராண்டாவில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது மறைந்திருக்கும். தோட்டக்கலையில் விருப்பம் உள்ளவர், சும்மா உட்கார்ந்து பார்ப்பதில் சலிப்படையாதவர் என்றால் உங்களுக்கு மேற்குதான் சரி, என் வாதத்தை ஒதுக்கிவிடுங்கள். மூங்கில் தோப்பு இருக்கும் மேற்குக் கோடியான அராஷியாமாவில் தென்ர்யூ-ஜியும் அந்த வகைதான். 1339இல் தொடங்கிய ஜென் கோயில், முதல் தலைவரான முசோ சோசேகி அமைத்த குளத் தோட்டம் பின்னணி மலையையும் தன் படத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. நுழைவுக் கட்டடத்தில் பெரிய தாருமா ஓவியம் முறைத்துப் பார்க்கும். தாருமா என்றால் போதிதருமர். அவர் காஞ்சிபுரத்து இளவரசர் என்று சொல்லும் மரபு உண்டு.

மூங்கில் தோப்பு பற்றி ஒரு வரி போதும்: விடியற்காலையில் போனால் அருமை, பத்து மணிக்குப் போனால் மனிதத் தலைகளுக்கு மேலே கொஞ்சம் மூங்கில் தெரியும்.

சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் மேற்கு ஒரு நல்ல தேர்வுதான். பொன் மண்டபம், அராஷியாமா மலைமேல் குரங்குகள், ஆற்றங்கரை என்று குழந்தைகளுக்குப் பிடித்தவை அங்கே உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிலையை ஐந்து வயதுக் குழந்தை பொறுமையாகப் பார்க்காது.

தெற்கும் நாராவும்: ஒரே ரயில் பாதை

ஃபுஷிமி இனாரி ஷிண்டோ கோயில். 711இல் தொடங்கியது என்பார்கள், அதாவது கியோட்டோ தலைநகராவதற்கும் முன்பு. நெல்லுக்கும் வணிகத்துக்கும் உரிய தெய்வம், காவலுக்கு நரிகள். 233 மீட்டர் மலை முழுக்கச் சுமார் பத்தாயிரம் செந்நிற வாயில்கள். ஒவ்வொன்றும் ஒரு வணிகரோ நிறுவனமோ காணிக்கையாக வைத்தது, ஏறும்போது வெறும் சிவப்பாகத் தெரியும், இறங்கும்போது பார்த்தால் காணிக்கையாளர் பெயரும் தேதியும் கருப்பில் எழுதியிருக்கும். மரம் மழையில் இற்றுப்போகப் போகப் புதிய வாயில்கள் வந்துகொண்டே இருக்கும்.

நுழைவுக் கட்டணம் இல்லை. 24 மணி நேரமும் திறந்திருக்கும். கியோட்டோ நிலையத்திலிருந்து ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நாரா பாதையில் ஐந்து நிமிடம், 150 யென், இறங்கினால் எதிரே கோயில். ஒரு நாளின் முதல் இரண்டு மணி நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. காலை ஆறரைக்குப் போய், படங்களில் வரும் முதல் வாயில் வரிசையோடு திரும்பாமல், ஊர் தெரியும் யோத்சுட்சுஜி முனை வரை ஏறி இறங்கினால் எட்டரை, ஒன்பது. படிகள் நிறைய, மூத்தவர்கள் அடிவாரக் கோயிலோடு நின்றுகொள்வது நல்லது.

அங்கிருந்து அதே பாதையில் தெற்கே போனால் நாரா. இனாரியில் லோக்கல் ரயில் மட்டும்தான் நிற்கும், வேண்டுமானால் உஜியில் வேக ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். நேரே கியோட்டோவிலிருந்து போவதானால் கின்தெட்சு ரயில் நல்லது. அதன் நாரா நிலையம் பூங்காவுக்கு அருகில். எந்த வழியில் போனாலும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான், கியோட்டோவிலிருந்து கட்டணம் எழுநூற்றுச் சில்லறை யென்.

கியோட்டோவில் தங்கிக்கொண்டு நாராவுக்கு ஒரு நாளைக் கொடுப்பது வீண் என்று பலர் நினைக்கிறார்கள். நான் நேர் எதிராக நினைக்கிறேன். கியோட்டோவின் மேற்கில் உள்ளது கிழக்கிலும் ஓரளவு இருக்கிறது: ஷோகுன் கட்டிய மண்டபம், ஜென் தோட்டம், மேப்பிள் மரம். நாராவில் உள்ளது கியோட்டோவில் எங்கும் இல்லை. அது இரண்டு தலைமுறை மூத்த தலைநகரம், ஜப்பான் முழு வேகத்தோடு பௌத்தத்தைக் கையில் எடுத்த காலத்தின் அளவும் ஆசையும் அங்கே தெரிகிறது.

தோதாய்-ஜியின் வெண்கலப் புத்தர் சுமார் 15 மீட்டர் உயரம், அமர்ந்த கோலம். பெரியம்மையும் பஞ்சமும் கலகமும் நாட்டை ஆட்டிய காலத்தில், நாட்டைக் காக்க வேண்டும் என்று பேரரசர் ஷோமு எழுப்பியது. 752இல் கண் திறப்பு விழா நடந்தது. விக்கிரகத்தின் கண்ணைத் தூரிகையால் வரைந்தவர் போதிசேனர், 736இல் ஜப்பான் வந்து சேர்ந்த இந்தியத் துறவி. பழைய குறிப்புகள் அவரைத் தென்னிந்தியப் பிராமணர் என்கின்றன, மதுரைக்காரர் என்று சொல்பவர்களும் உண்டு. அந்தத் தூரிகையில் நீளமான கயிற்றைக் கட்டி, கூடியிருந்தவர்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள், கண் திறக்கும் புண்ணியத்தில் எல்லோருக்கும் பங்கு கிடைக்க வேண்டுமென்று. அந்தத் தூரிகையும் கயிறும் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஷோசோ-இன் கருவூலத்தில் இன்றுவரை பத்திரமாக இருக்கின்றன. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியர் ஒருவர் கடல் தாண்டி வந்து இந்தச் சிலைக்குக் கண் திறந்தார் என்று தெரிந்துகொண்டு அந்த மண்டபத்துக்குள் நுழைவது வேறு அனுபவம். எனக்கு ஜப்பானில் இதைவிட நெருக்கமான இடம் இல்லை.

மண்டபம் 1180இலும் 1567இலும் போரில் எரிந்தது. இப்போதுள்ளது 1709இல் எழுந்தது, 57 மீட்டர் அகலம், முதலில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். அப்படியும் அதன் முன்னால் நிற்கும்போது எதிரே நிற்பவர் எறும்பு. தெற்கு வாயிலில் உன்கேய், காய்கேய் இருவரின் பட்டறை 1203இல் செய்த எட்டு மீட்டருக்கு மேலான இரண்டு மரத் துவாரபாலகர்கள். மான் பின்னால் ஓடும் கூட்டம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போகும். நீங்கள் நின்று பாருங்கள்.

மான்கள் பற்றி: பூங்காவில் ஆயிரத்துக்கும் மேல் உண்டு, தலை குனிந்து பிஸ்கெட் கேட்கும். பிஸ்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் காட்டினால் முட்டும். குழந்தைகள் இருந்தால் கவனம். பார்த்து முடித்ததும் மேட்டில் இருக்கும் நிகாட்சு-தோவுக்கு ஏறுங்கள். கட்டணம் இல்லை, மூடுவதும் இல்லை, ஊர் முழுக்கத் தெரியும். கசுகா தைஷாவின் மூவாயிரம் விளக்குகளுக்கும் நேரம் இருக்கும். கோஃபுகு-ஜியின் ஐந்தடுக்குக் கோபுரம் மட்டும் பெரிய பழுதுபார்ப்புக்காகச் சில ஆண்டுகளுக்குத் திரைக்குள் போயிருக்கிறது, அதை நம்பிப் போகாதீர்கள்.

நாராவில் இன்னொரு வசதி: தோதாய்-ஜி மண்டபம் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஏழரைக்கே திறக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் ஃபுஷிமியை மாலைக்குத் தள்ளிவிட்டு நேரே நாரா போகலாம். மலை இருட்டிய பிறகும் திறந்துதான் இருக்கும்.

ஆக என் முடிவு: முதல் நாள் கிழக்கு, இரண்டாம் நாள் ஃபுஷிமியும் நாராவும். மேற்கை விட்டுவிடுங்கள்.

எங்கே தங்குவது

ஒசாகாவில் தங்கி வந்துபோகலாம் என்று பணம் மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. வேக ரயிலில் அரை மணி நேரம்தான், அறை வாடகையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் காலை ஆறரைக்குக் கியோமிசுவில் இருக்க ஒசாகாவில் ஐந்து மணிக்குள் எழுந்து கிளம்ப வேண்டும், குடும்பத்தோடு அது நடக்காத காரியம். இரண்டு நாள்தான் என்றால் கியோட்டோவிலேயே தங்குங்கள். நிலையத்துக்குப் பக்கம் தங்கினால் இனாரி, நாரா, விமான நிலையம் எல்லாவற்றுக்கும் எளிது, பெட்டியை இழுத்து அலைய வேண்டாம். இரவில் சுற்றிப் பார்க்க அங்கே ஒன்றும் பெரிதாக இல்லை. சான்ஜோ, கவராமச்சி பக்கம் தங்கினால் கியோனுக்கும் காமோ ஆற்றுக்கும் நடை தூரம், நிஷிகி சந்தை பக்கத்தில். பெற்றோரோடு என்றால் நிலையம், இருவராக என்றால் சான்ஜோ என்பது என் பரிந்துரை.

டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் கியோட்டோ போய் வரலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். ஒரு வழிக்கு இரண்டே கால் மணி நேரம், சுமார் 14,000 யென். ஏழு நாள் ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென்னாக உயர்ந்த பிறகு இந்த ஒரு பயணத்துக்காக அதை வாங்குவதும் கட்டாது. அந்த ஒரு நாளைக் காமகுராவுக்குக் கொடுங்கள். டோக்கியோவிலிருந்து ஒரு மணி நேரம். பதின்மூன்றாம் நூற்றாண்டு வெண்கலப் புத்தர் மண்டபம் இல்லாமல் வானத்தின் கீழ் அமர்ந்திருக்கிறார். கடல் பக்கம், மலைக் கோயில்கள், எல்லாம் ஒரு நாளுக்குள் அடங்கும்.

காலமும் சாப்பாடும்

மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம் செர்ரி. நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை மேப்பிள். இரண்டும் கொள்ளை அழகு, இரண்டும் கொள்ளைக் கூட்டம், அறை விலையும் ஏறும். ஜூலை, ஆகஸ்டில் மலைகளுக்கு நடுவே வெப்பம் தேங்கி நின்றுவிடும், 35 டிகிரிக்கு மேல், சென்னைப் புழுக்கம்தான். ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5 வரை ஜப்பானியர்களுக்கே தொடர் விடுமுறை, அந்த வாரத்தைத் தவிருங்கள். முதல் பயணத்துக்கு ஜனவரிக் கடைசியையும் பிப்ரவரியையும் நான் தயங்காமல் சொல்வேன்: குளிர் உண்டு, மரங்கள் மொட்டை, ஆனால் மண்டபங்களும் சிலைகளும் உங்களுக்கே. மேலே சொன்ன திட்டத்தில் பாதி உள்ளே பார்க்க வேண்டியவைதான்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்கறி நூடுல்ஸ், டோஃபு என்று கண்ணுக்குச் சைவமாகத் தெரிபவற்றிலும் குழம்பு மீன் சாற்றில் செய்ததாக இருக்கும். இதற்கு தாஷி என்று பெயர், ஜப்பானியச் சமையலின் அடிப்படையே அதுதான். கியோட்டோவில் இதற்கு நல்ல மாற்று உண்டு: துறவிகள் வழியில் வந்த ஷோஜின் ர்யோரி, அதில் மீனும் இறைச்சியும் சேர்ப்பதில்லை. தென்ர்யூ-ஜி வளாகத்திலேயே அப்படி ஓர் உணவகம் இருக்கிறது. நான்சென்-ஜியைச் சுற்றி யூதோஃபு எனும் வெந்நீர் டோஃபு கடைகள் புகழ்பெற்றவை, அங்கேயும் சாறு என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு, கன்வீனியன்ஸ் ஸ்டோரில் உப்பிட்ட உமே பழம் வைத்த அரிசி உருண்டை கை கொடுக்கும்.

மூன்றாம் நாள் கிடைத்தால்

அப்போது மேற்கு. கியோட்டோ நிலையத்திலிருந்து ஜேஆர் சாகானோ பாதையில் சாகா-அராஷியாமா பதினைந்து நிமிடம் சொச்சம். ஏழு மணிக்கு மூங்கில் தோப்பு, எட்டரைக்கு தென்ர்யூ-ஜி திறந்ததும் தோட்டம். பிறகு பஸ்ஸைத் தொடாமல், ரான்டென் என்ற பழைய ஒற்றைப் பெட்டி டிராமில் ஏறி, கதாபிரானோட்சுஜியில் மாறி, ர்யோவான்-ஜி நிறுத்தத்தில் இறங்குங்கள். கல் தோட்டத்தில் நிதானமாக உட்கார்ந்துவிட்டு, அங்கிருந்து தங்க மண்டபத்துக்கு மலையோரச் சாலையில் இருபது நிமிட நடை. திரும்பும்போது நிலையத்துக்கு நேரே போகும் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்காமல், கிதாஓஜி போகும் பஸ்ஸில் ஏறி அங்கே கராசுமா மெட்ரோவைப் பிடித்தால் கியோட்டோ நிலையத்துக்குச் சீக்கிரம் வந்து சேரலாம்.